மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் கல்வி: வரலாறும் இன்றைய உரிமைகளும்

பார்வை, செவித்திறன், உடல் இயக்கம், அறிவு வளர்ச்சி முதலியவற்றில் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு, அவர்களின் தேவைக்கேற்ற முறையில் கற்பிப்பதே சிறப்புக் கல்வி ஆகும். “என் குழந்தையைப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களா?” என்பது, கடலூர், சிதம்பரம் பகுதிகளிலும் பிற இடங்களிலும் பெற்றோர் பலருக்கு எழும் முதல் வினா. இன்று இதற்குச் சட்டம் தெளிவான விடை அளிக்கிறது. அந்நிலை உருவாக நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தொடக்கக் காலம்

பார்வையற்றோருக்கான பள்ளி 1887-இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் என்பவரால் தொடங்கப்பட்டது. 1890-களில் பாளையங்கோட்டையில் ஆனி ஆஸ்குவித் பார்வையற்றோருக்கும், புளோரன்ஸ் ஸ்வைன்சன் செவித்திறன் குறையுடையோருக்கும் கல்விப் பணியைத் தொடங்கினர். இத்தகைய பள்ளிகள் மிகச் சிலவே இருந்தன. அன்று தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த கடலூர், சிதம்பரம் பகுதிக் குழந்தை ஒன்று அங்கே பயில வேண்டுமாயின், பெற்றோரைப் பிரிந்து தொலைவிலுள்ள விடுதியில் தங்க நேரிடும். ஆகவே, பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேயே இருந்துவிட்டனர்.

பொதுப் பள்ளியை நோக்கி

கோத்தாரி கல்விக் குழு (1964–66), இக்குழந்தைகளை இயன்றவரை பொதுப் பள்ளிகளிலேயே பயிற்றுவிக்கப் பரிந்துரைத்தது. 1974-இல் நடுவண் அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. சிறப்பாசிரியர்களின் பயிற்சியை நெறிப்படுத்த 1992-இல் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் இயற்றப்பட்டது.

தொண்டிலிருந்து உரிமைக்கு

• 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்று, 18 வயது வரை இலவசக் கல்விக்கு வழிசெய்தது.

• கல்வி உரிமைச் சட்டம், 2009: 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை. பள்ளிக்கே செல்லாத குழந்தையையும் அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளித்தல் வேண்டும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், கடுமையான குறைபாடுடைய குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கும் வாய்ப்பை அளித்தது.

• மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016: 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்கை வழங்குதல் வேண்டும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைகள், அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தாம் விரும்பியவாறு இலவசமாகப் பயிலலாம்.

இவற்றில் தாங்கள் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. பொதுப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்னும் தெரிவு குடும்பத்திற்கு உரியது. அதைப் பள்ளி நிர்வாகம் தங்கள்மீது சுமத்த இயலாது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை, முகம் பார்த்துச் சிரிக்காமை, கழுத்து நிற்பது, உட்காருவது, நடப்பது ஆகியவற்றில் தாமதம், பேச்சு வராமை ஆகியவை காணப்பட்டால், “வளர வளரச் சரியாகிவிடும்” என்று காத்திராதீர். இளம் வயதில் தொடங்கும் பயிற்சியே பள்ளிக் கல்விக்கு அடித்தளம்.

தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பரிசோதனை செய்கின்றனர். அன்று குழந்தையைத் தவறாது அழைத்துச் செல்லுங்கள்.

கடலூர் மாவட்டத்தில் யாரை அணுகலாம்?

• மருத்துவ ஆலோசனைக்கு: கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

• அடையாள அட்டை, உதவித்தொகை, உதவி உபகரணங்களுக்கு: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், கடலூர்.

• பள்ளிச் சேர்க்கை, சிறப்பாசிரியர், இயன்முறைப் பயிற்சி, வீட்டுவழிக் கல்வி ஆகியவற்றிற்கு: தங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையம். மருத்துவ மதிப்பீட்டு முகாம்கள் பற்றியும் அங்கே கேட்டறியலாம்.

பெற்றோர் கவனத்திற்கு

மருத்துவச் சான்றின் நோக்கம், சலுகைகளையும் உதவிகளையும் பெற்றுத் தருவதாகும். குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்குவதன்று. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கும் அது உதவும். ஆகவே அதன் நகல்களைப் பாதுகாத்து வைத்திருங்கள்.

சேர்க்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்து மூலம் கேளுங்கள். பின்னர் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனு அளியுங்கள். வயது கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம்; இன்று சேர்ந்தாலும் தங்கள் குழந்தைக்குரிய வகுப்பு காத்திருக்கிறது.