புத்தூர் கட்டும் தொங்கும் மணிக்கட்டும்

தாம்பரம், மாடம்பாக்கம் பக்கம் கை முறிந்தால், வீட்டுப் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது பெரும்பாலும் "புத்தூர் கட்டு"தான். சென்னைப் புறநகரெங்கும் பெயர்ப்பலகைகளில் காணும் அந்தப் புத்தூர், திருத்தணியைத் தாண்டி ஆந்திராவில் இருக்கிறது. 1881-இல் கேசவ ராஜு தொடங்கிய வைத்தியம் என்பார்கள். பச்சிலையில் சுற்றிவைத்த முயலின் முறிந்த கால் கூடியதாக ஒரு கதையும் உண்டு. நம்புவது அவரவர் விருப்பம். முட்டை வெள்ளைக்கரு, பச்சிலைச் சாறு, மூங்கில் தப்பை, துணி: கட்டு இவ்வளவுதான்.

எலும்பு பெரும்பாலும் கூடிவிடும். சிக்கல் நரம்பில்.

மேற்கை எலும்பின் பின்புறத்தை ஒட்டிச் சுற்றி இறங்குகிறது ரேடியல் நரம்பு. எலும்பு முறியும்போது அது நசுங்கினாலோ இழுபட்டாலோ மணிக்கட்டு தொங்கிவிடும். விரல்களை நீட்ட முடியாது. எலும்பின் கீழ்ப்பகுதியில் ஏற்படும் சுருள் முறிவில் இந்த ஆபத்து அதிகம் என்று 1963-இல் ஹோல்ஸ்டீன், லூயிஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்கள் பார்த்தது வெறும் ஏழு நோயாளிகளை. ஆனாலும் அந்த முறிவுக்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. நரம்பு எலும்புத் துண்டுகளுக்கிடையே சிக்கக்கூடும் என அஞ்சி, உடனே அறுவை செய்யச் சொன்னார்கள்.

பிந்தைய ஆய்வுகள் அந்த அவசரத்தைத் தணித்தன. 2005-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, மேற்கைத் தண்டு முறிவுகளில் 11.8 சதவீதத்தில் இந்த நரம்பு செயலிழக்கிறது. அப்படிச் செயலிழந்து, அறுவை செய்யாமல் விடப்பட்டவர்களில் சுமார் 70 சதவீதத்தினர் தானாகவே தேறுகிறார்கள். மூங்கில் தப்பைக்காரர்கள் பெற்ற நற்பெயரில் நரம்பு இப்படித் தானாகத் தேறுவதற்கும் பங்கு இருந்திருக்கும். அறுந்த நரம்புக்கோ தப்பை உதவாது. ஆகவே, கட்டு எங்கே போட்டாலும், போடுமுன் விரல்களை நீட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.