படத்தில் விழாத தடைகள்

விளையாட்டுப் படங்களில் கோப்பையும் மாலையும்தான் அதிகம் இருக்கும். தடை ஒன்றே படத்தில் வந்து விழுவது அபூர்வம். அப்படி ஒரு படத்தை 1984-ல், லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் சமயத்தில், எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பார்த்தேன். அந்த ஆண்டுதான் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக மாரத்தான் வைத்தார்கள். அதையொட்டி அந்தப் பழைய படத்தை மறுபடியும் போட்டிருந்தார்கள்.

படம் எடுத்த நாள் 1967 ஏப்ரல் 19. இடம் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான். கேத்ரின் சுவிட்சர் என்ற இருபது வயதுக் கல்லூரி மாணவி, 261 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு ஓடுகிறார். விண்ணப்பத்தில் தன் வழக்கப்படி கே.வி. சுவிட்சர் என்று கையெழுத்திட்டிருந்ததால் யாரும் பெண் என்று நினைக்கவில்லை. ஜாக் செம்பிள் என்ற போட்டி அதிகாரி பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்க்கிறார். கூட ஓடிய காதலர் சுத்தியல் எறிபவர். ஒரே இடியில் அதிகாரியைத் தள்ளிவிட்டார். பத்திரிகைக்காரர்களின் வண்டி அப்போது அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஹாரி டிராஸ்க் என்ற படக்காரர் அடுத்தடுத்து எடுத்துத் தள்ளிவிட்டார். கப்பல் மூழ்குவதைப் படமெடுத்து முன்பே புலிட்சர் பரிசு வாங்கியவர் அவர்.

அவர் ஓடி முடித்தார். படம் உலகத்தைச் சுற்றியது. 1972-ல் பாஸ்டனில் பெண்களை முறைப்படி அனுமதித்தார்கள். செம்பிளும் சுவிட்சரும் பின்னாளில் நண்பர்களானார்கள்.

இத்துடன் கதை முடிந்தது என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு சாவகாசமாகப் படித்தபோதுதான் பாபி கிப் என்பவரைப் பற்றித் தெரிந்தது. அதே 1967 போட்டியில் சுவிட்சருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே ஓடி முடித்த பெண் அவர்! அதற்கு முந்தைய ஆண்டும் ஓடியிருக்கிறார். 1966-ல் முறைப்படிதான் விண்ணப்பித்தார். பெண் உடம்பு அவ்வளவு தூரம் தாங்காது என்று பதில் கடிதம் வந்தது. புதருக்குள் ஒளிந்திருந்து கூட்டத்தோடு கலந்து, எண் இல்லாமல் 3 மணி 21 நிமிடத்தில் ஓடி முடித்தார். அவர் படமும் பத்திரிகையில் வந்தது. ஆனால் அதில் தடுக்கும் கை இல்லை. அந்த மூன்று ஆண்டுகளின் (1966, 67, 68) வெற்றியாளர் அவர்தான் என்று பாஸ்டன்காரர்கள் ஒப்புக்கொண்டது 1996-ல்.

காமிரா கையைப் பிடித்துவிடும். கடிதத்தை எப்படிப் பிடிக்கும்?

இதைப் படித்த அன்று என் அக்காவின் நினைவு வந்தது. பள்ளியில் நூறு மீட்டரில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வயதுக்கு வந்த பிறகு அப்பா ஒரு நாள், "போதும்மா" என்றார். அதட்டவில்லை, அடிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அக்காவும் ரசம் ஊற்றிக்கொண்டே தலையாட்டினாள். அதன் பிறகு அவள் ஓடி நான் பார்க்கவில்லை.

வீட்டு ஆல்பத்தில் அக்காவின் கல்யாணப் படம் இருக்கிறது, பேரன் பேத்திகளோடு எடுத்த படம் இருக்கிறது. ஓடும் படம் ஒன்றுகூட இல்லை.