உப்புக்கு முழு விலை, ஆட்டத்துக்கு?

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் உப்பளங்கள் நீரில் மூழ்கிவிடும். மழைக்காலம் கழிந்ததும் வரப்பைச் சீர்செய்து, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு மீண்டும் உப்பு வாருவார்கள். சென்ற ஆண்டு உப்பும் இவ்வாண்டு உப்பும் ஒரே சோடியம் குளோரைடுதான். ஆனாலும் புது உப்புக்கு முழு விலை கொடுக்க நாம் தயங்குவதில்லை. பழைய உப்பு குழம்பில் கரைந்து தீர்ந்துவிட்டதல்லவா!

கணினியில் ஆடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களை உங்களில் பலர் அறிவீர்கள். அவற்றில் சில, ஆண்டுக்கொரு புதிய பாகமாக வருகின்றன. ஆட்டம் உப்பைப் போலக் கரைவதில்லை. ஆயிரம் முறை ஆடினாலும் தேய்வதில்லை. அப்படியானால் ஆண்டுதோறும் முழு விலை எதற்கு? விடை காண, வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம்.

1993 டிசம்பரில் அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் ‘டூம்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதன் மூன்று பகுதிகளில் முதலாவதை எவரும் இலவசமாகப் பெற்று ஆடலாம்; பிடித்திருந்தால் பணம் கட்டி மற்றவற்றைப் பெறலாம். இதில் இன்னொரு நுட்பமும் இருந்தது. காட்சியை வரைந்து அசைவைக் கணக்கிடும் நிரல் ஒருபுறம். இடங்களின் அமைப்பு, படங்கள், ஒலி ஆகியவை தனிக் கோப்பாக மறுபுறம். முன்னதற்கு ‘எஞ்சின்’ என்று பெயர். ஒரே எஞ்சினைக் கொண்டு பல ஆட்டங்களைச் செய்ய இது வழி திறந்தது.

2003இல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி’, ஐடி சாஃப்ட்வேரின் ‘குவேக் 3’ எஞ்சினைத் திருத்திக் கட்டப்பட்டதே. 2005 முதல் ஆண்டுதோறும் அதன் புதிய பாகம் வரலாயிற்று. ஓராண்டுக்குள் ஓர் ஆட்டத்தை முடிப்பது கடினம். எனவே ஆக்டிவிஷன் நிறுவனம் இன்ஃபினிட்டி வார்ட், டிரேயார்க் என்ற இரு குழுக்களிடம் வேலையை மாறி மாறி ஒப்படைத்தது. 2014இல் ஸ்லெட்ஜ்ஹாமர் என்ற மூன்றாவது குழுவும் சுழற்சியில் சேர்ந்தது. அமெரிக்காவில் 60 டாலராக இருந்த விலை, 2020இல் வந்த புதிய கருவிகளுக்கு 70 டாலர் ஆயிற்று.

எஞ்சினின் பெரும்பகுதி பழையதே என்றால், எதற்குப் பணம் தருகிறோம்? புதுக் கதைக்கும் புதுக் களங்களுக்கும் ஒரு பங்கு. மறுபங்கு, கூட்டத்துக்கு! இணையத்தில் சேர்ந்து ஆடுவோர் புதிய பாகத்துக்குக் குடிபெயரும்போது பழையதில் எதிராளிகள் குறைகிறார்கள். ஆட்டம் தேயவில்லை, ஆடுகளம்தான் வெறிச்சோடுகிறது.

ஆனால் இது மாற்ற முடியாத விதியன்று. 1999இல் தோன்றிய ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ வரிசையில் ஆண்டுக்கொரு பாகம் வருவதில்லை. அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு 2018இல் இலவசமாயிற்று. 2023இல் வந்த அடுத்த பதிப்பும் இலவசமே. துப்பாக்கிகளுக்கான வண்ண அலங்காரங்களை விற்றே அது வருவாய் ஈட்டுகிறது. அதிலும் கைப்பணம் கரையலாம் என்பதை மறக்க வேண்டாம்.

ஓர் ஆட்டத்தின் விலை 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நண்பர்களோடு ஆண்டு முழுவதும் 200 மணி நேரம் ஆடினால், மணிக்கு 25 ரூபாய். கதையை மட்டும் எட்டு மணி நேரத்தில் ஆடி முடித்து மூடிவைத்தால், மணிக்கு 625 ரூபாய்! கதைக்காக வாங்குபவர் காத்திருக்கலாம்; தள்ளுபடியில் விலை இறங்கும், கதை கெட்டுப்போகாது. கூட்டத்துக்காக வாங்குபவர், தம் நண்பர்கள் உண்மையிலேயே புதிய பாகத்துக்குப் போகிறார்களா என்று முதலில் கேட்டறிவது நல்லது. எல்லோரும் பழையதிலேயே தங்கிவிட்டால் செலவே இல்லையே!