பாதிச் சவரமும் முழு வெள்ளையும்

செலவும் பளபளப்பும் இல்லாம, பார்க்க லட்சணமா உடுத்துறதை இப்போ 'மினிமல்' என்கிறோம். நம்ம பக்கத்தில் அதற்குப் பழைய பெயர் 'வெள்ளையும் சொள்ளையுமா'. ஒரு வேட்டி, தோளில் ஒரு துண்டு, வீட்டில் ஒரு மாற்று. துணிக்கு ஆகிற காசு கொஞ்சம்தான், ஆனா அந்த வெள்ளை சும்மா வராது. உவர்மண்ணில் முக்கி, வெள்ளாவியில் அவித்து, கல்லில் அடித்து, கஞ்சி போட்டு ஒருவர் கொண்டுவந்து தரணும். அவர் வரலைன்னா?

தூத்துக்குடியில் 1908இல் வராமல் போனார்கள்.

பிப்ரவரி 27 அன்று ஹார்வி நிர்வாகத்தின் கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டங்களில் பேச, ஊரே பக்கத்தில் நின்றது. வெள்ளைக்காரர்களுக்கும் அவர்களுக்கு ஒத்து ஊதியவர்களுக்கும் சவரத் தொழிலாளர்கள் கத்தியை எடுக்கவில்லை, சலவைத் தொழிலாளர்கள் துணியைத் தொடவில்லை. சுதேசியைப் பழித்த வக்கீல் ஒருவரின் முகத்தைப் பாதி மழித்த நிலையில் சவரத் தொழிலாளி எழுந்து போய்விட்டாராம். சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது.

அந்த வக்கீலை நினைத்துச் சிரிக்கலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. கனவான்களின் எளிய தோற்றம் யாருடைய கையில் இருந்தது என்பதை ஊர் அந்த வாரத்தில் கண்ணால் பார்த்தது. சுதேசிக்காரர்கள் எந்த ஊர்த் துணி என்று கேட்டார்கள். வ.உ.சி. தரும சங்க நெசவுச் சாலையே தொடங்கினார். யார் வெளுத்தது என்கிற கேள்வியைக் கேட்டது தொழிலாளிகள்தான்.

முத்தும் இந்தக் கரையில் இப்படித்தான். நகைகளிலேயே சத்தம் போடாத நகை அது. முக்குளித்தவர்களுக்குக் கூலி சிப்பியில் ஒரு பங்கு. அதையும் பெரும்பாலும் கரையிலேயே வியாபாரிகளுக்கு விற்றுவிடுவார்கள்.

எளிமையின் பெரும் படமாக நமக்குச் சொல்லப்படுவது 1921 செப்டம்பர் 22. மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி, சட்டையையும் தொப்பியையும் விட்டு அரைவேட்டியோடு வெளியே வந்தார். பெரிய முடிவுதான், மறுக்கலை. அதே மாதம் சென்னையில் இறந்துபோன எட்டயபுரத்துக்காரர் பாரதி நேர் எதிர். கையில் காசில்லாத மனுஷன், ஆனா கோட்டும் தலைப்பாகையும் இல்லாத பாரதியை நம்மால் நினைக்க முடியுமா? பாரதியின் கோட்டை ஆடம்பரம்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

காந்தி கழற்றலாம், பாரதி மாட்டலாம். தூத்துக்குடிக்கு வடக்கே ராமநாதபுரம் மாவட்டத்தில் அந்த இரண்டும் இல்லாதவர்கள் இருந்தார்கள். 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டையோ பனியனோ போடக் கூடாது, பொன்னோ வெள்ளியோ அணியக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது. குடையும் செருப்பும்கூடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அவர்கள் பணியவில்லை.

1931 ஜூனில் அந்தப் பட்டியலைப் பதினொன்றாக நீட்டினார்கள்.