சிங்க முத்திரையும் சேது நாட்டுக் கைத்துப்பாக்கியும்

சேது நாட்டில் பழைய கைத்துப்பாக்கி ஒன்று விலைக்கு வரும்போது சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர் பெயரோ இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதி பெயரோ கூடவே வருவதுண்டு. பெயர் சேர்ந்தால் விலை ஏறும். அந்தப் பெயர் நிற்குமா என்பதை இரும்பையும் மரத்தையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது விசைத்தகடு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கு வாங்கிய துப்பாக்கிகளின் தகட்டில் முத்திரை பொறித்தது. தொடக்கத்தில் அது அறைகளாகப் பிரித்த இதய வடிவம். அறைகளுக்குள் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். பல தகடுகளில் செய்தவர் பெயரும் ஆண்டும் காணலாம். 1808 வாக்கில் இதயம் மறைந்து, பின்னங்காலில் நின்று மகுடம் ஏந்தும் சிங்கம் வந்தது. மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதோ 1801 அக்டோபர் 24 அன்று. முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி 1795இலேயே பதவி நீக்கிச் சிறையில் அடைத்துவிட்டது. 1809இல் சென்னைச் சிறையில் அவர் இறந்தார். ஆகவே சிங்கம் பொறித்த கைத்துப்பாக்கியை இவர்கள் ஏந்திப் போரிட்டிருக்க வழியே இல்லை.

இதய முத்திரையும் 1796 என்ற ஆண்டும் இருந்தால் அது மருது சகோதரர் கையில் இருந்திருக்கும் சாத்தியத்தை மட்டுமே காட்டும்; 1795இலேயே சிறைப்பட்ட சேதுபதிக்கு அதுவும் பொருந்தாது. 1801 டிசம்பரில் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது, கோட்டைகளும் இடிபட்டன. அதற்குப் பிறகும் ஒரு வீட்டில் துப்பாக்கி தங்கியது என்றால், ஒளித்து வைத்திருக்க வேண்டும். இல்லையேல் 1803க்குப் பிந்திய ஜமீன் காலத்தில் வாங்கியிருக்க வேண்டும். பின்னதே பெரும்பாலும் பொருந்தும். அதிலும் குறைவொன்றுமில்லை: வாங்கிய ரசீதோ பழைய உரிமச் சீட்டோ இருந்தால், ஆதாரமற்ற போர்க்களக் கதையைவிட அதற்கே மதிப்பு அதிகம்.

அடுத்த சிக்கல் மாற்றுவேலை. 1840களில் கம்பெனிப் படைகளில் சக்கிமுக்கிக் கல் விசை போய், வெடித்தொப்பி விசை பரவியது. பழைய துப்பாக்கிகள் பல புதுமுறைக்கு மாற்றப்பட்டன. கல் விசைக்குச் சேகரிப்பாளரிடம் மதிப்பு கூடுதல் என்பதால், பின்னாளில் சிலர் அவற்றைத் திரும்பவும் கல் விசையாக்கினர். தகட்டைக் கழற்றினால் குட்டு வெளிப்படும்: அடைத்த திருகுத் துளைகள், பற்றவைத்த தடம், தகட்டோடு நிறம் சேராத மருந்துக் கிண்ணம். அசலில், பற்றுவாயைச் சுற்றி எரிமருந்து அரித்த குழிகள் கிண்ணத்திலும் தொடரும். குழல் குழிகுழியாகவும் கிண்ணம் வழவழப்பாகவும் இருந்தால் சந்தேகம் கொள்ளலாம்.

இராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரையில் இன்னொரு சாட்சியும் உண்டு. உப்புக்காற்று துப்பாக்கியின் எல்லாப் பகுதியையும் ஒரே சீராக அரிப்பதில்லை. கட்டையிலிருந்து குழலைப் பிரித்துப் பார்த்தால், வெளியே ஆழ்ந்த பழுப்பும் மரம் மூடிய அடிப்பக்கத்தில் மங்கிய சாம்பலும் தெரியும். இரண்டுக்கும் இடையே எல்லைக்கோடு ஓடும். அமிலம் தடவிப் பழமையேற்றிய போலியில் மேலும் கீழும் ஒரே துருவாக இருக்கும். இந்தக் கரையில் பளபளக்கும் துப்பாக்கி அநேகமாக மணல்தாள் பட்டதுதான். அப்படித் தேய்த்தவர் தகட்டின் விளிம்பையும் முத்திரையின் கூர்மையையும் சேர்த்தே தேய்த்துவிடுகிறார். இழந்த அந்த மதிப்பை எந்த மெருகும் மீட்டுத் தராது.

வெளிநாட்டு ஏல விலையை இங்கே அப்படியே கணக்கிடுவதும் பிழை. நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே சந்தை உள்நாட்டோடு முடிகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழம்பொருள் ஆயுதத்துக்குத் தரும் விலக்கும், பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலைக்கே பொருந்தும். அந்த விலக்கை எண்ணிக் குழலைப் பற்றவைத்து அடைப்பவர், சேகரிப்பு மதிப்பின் பெரும்பகுதியைத் தம் கையாலேயே அழிக்கிறார். துப்பாக்கியில் எதையும் செய்வதற்கு முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உரிம நிலையைத் தெளிவுபடுத்திக்கொண்டு, தகட்டின் உட்புறத்தைப் படமெடுத்து, கைமாறிய வரலாற்றைத் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது நல்லது.