சாவா மூவாப் பேராடும் எக்ஸெல் தாளும்

கொல்லிமலை ஊராட்சிகளின் பெயர்கள் 'நாடு' என்றே முடிகின்றன. வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு. ஊராட்சி என்ற அரசாங்கச் சொல்லைவிட வயதில் மிக மூத்த சொல் இது. சோழர் ஆட்சியில் நாடு என்பது பல ஊர்களை உள்ளடக்கிய நிர்வாகப் பிரிவு. நிலமும் வரியும் அதன் பெயரால் கணக்கிடப்பட்டன. சமவெளியில் அச்சொல் பெரும்பாலும் கல்வெட்டுகளோடு நின்றுவிட்டது. மலைமேல் இன்றும் முகவரியில் எழுதப்படுகிறது.

கணக்கோடு பிறந்த பெயரைத் தாங்கிய அந்த அரியூர் நாட்டில்தான் நாம் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டோம்.

சாமையின் உமி நீக்கும் இயந்திரம் ஒன்றைக் கடனில் வாங்கலாமா என்று அங்குள்ள மகளிர் குழுவொன்று யோசித்துக்கொண்டிருந்தது. உரலில் குத்தியே தோள் தேய்ந்த பெண்கள். கணினி தெரிந்தவர் என்று யாரோ நம்மைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள். தமிழிலக்கியம் படித்து, மாணவர் மதிப்பெண்ணைக் கூட்டுவதற்காக எக்ஸெல் கற்றவர்கள் நாம். இருந்தும் துணிந்தோம். வரவு, செலவு, வட்டி, தவணை எல்லாம் போட்டு, இரண்டே ஆண்டில் கடன் அடையும் என்று திரையில் காட்டினோம். கூட்டத்தில் மூத்தவராக இருந்த அம்மையார் ஒருவர் கேட்டார்: "சாமைய எந்த வள்ளத்துல அளந்தீங்க சார்? உமியோடயா, அரிசியாவா?"

நம்மிடம் விடையில்லை. வள்ளத்தைக் கிலோவாக மாற்றும் எண் ஒன்றை எங்கோ கேட்டு, அதை ஒவ்வொரு சூத்திரத்துக்குள்ளும் நேரடியாகத் தட்டச்சு செய்திருந்தோம். அது அரிசிக்குரிய எண். உமியோடு கூடிய சாமை அதே வள்ளத்தில் எடை குறைவாக நிற்கும். (சூத்திரம் என்றால் நன்னூலை நினைக்கிற நமக்கு, உரையில்லாத சூத்திரம் ஆபத்தானது என்பது அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.) எண் மட்டும் இருந்தது, அது எதன் எண், எங்கிருந்து வந்தது என்பது தாளில் எங்குமே இல்லை. திருத்திப் போட்டபோது இரண்டு ஆண்டு நான்கை நெருங்கியது. அந்தக் கேள்வி எழாதிருந்தால் அவர்கள் கையெழுத்திட்டிருப்பார்கள்.

மலையிறங்கி வந்த பிறகு தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை மறுபடி எடுத்துப் பார்த்தோம். இம்முறை இலக்கணத்துக்காக அன்று, கணக்குக்காக.

1010ஆம் ஆண்டை ஒட்டி வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகளில், கோயிலின் காசு ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்குத் தரப்படுகிறது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. இக்காலக் கணக்கில் 12.5 விழுக்காடு. நெல்லாகச் செலுத்துவோருக்குக் காசு ஒன்றுக்கு முக்குறுணி. இவ்விரண்டும் வெவ்வேறு வீதங்களோ என்ற ஐயம் எழலாம். காசுக்கு இருகலம் நெல் என்பது அக்காலத்து விலை. கலம் ஒன்றுக்குப் பன்னிரண்டு குறுணியாக இருகலம் இருபத்துநான்கு குறுணி. அதன் எட்டிலொன்று மூன்று குறுணி. சரியாகப் பொருந்துகிறது! ஆயிரம் ஆண்டு கழித்து, ஒரு தாளும் பேனாவும் கொண்டு நாம் அதைச் சரிபார்க்க முடிகிறது. விலை, வீதம், அளவு மூன்றும் மறைக்கப்படாமல் நிற்பதே காரணம்.

அளவு என்றதும் அந்த அம்மையாரின் கேள்வி நினைவுக்கு வந்தது. தஞ்சையில் மரக்கால் என்று வெறுமனே சொல்லிவிட்டுப் போகவில்லை. இராசகேசரியோடு ஒக்கும் 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் என்று பெயர் சொல்லப்படுகிறது. பொன் நிறுக்கும் கல்லும் ஆடவல்லான். மணி நிறுக்கும் கல்லுக்குத் 'தட்சிணமேரு விடங்கன்' என்று வேறு பெயர். எந்த வள்ளம் என்று கேட்க வேண்டிய அவசியமே அங்கு எழவில்லை.

விளக்கு நிவந்தங்கள் இன்னும் சுவையானவை. ஒரு நந்தா விளக்குக்கு நாளொன்றுக்கு உழக்கு நெய். அதற்குத் தொண்ணூற்றாறு ஆடு, அல்லது நாற்பத்தெட்டுப் பசு, அல்லது பதினாறு எருமை. நிவந்த ஆடுகளைக் கல்வெட்டு மரபு 'சாவா மூவாப் பேராடு' என்கிறது. சாகாத, கிழமாகாத ஆடு உலகில் ஏது? செத்ததற்கு ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் காப்பது, ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையரின் பொறுப்பு. அவர்கள் பெயரும் கல்லில் இருக்கிறது. நடக்கவே முடியாத ஒரு கற்பனையைக் கணக்கில் வைத்து, அதை நடத்திக் காட்ட வேண்டியவர் யார் என்பதையும் அருகிலேயே எழுதினார்கள். நம் தாளிலும் சாவா மூவா இயந்திரம் ஒன்று இருந்தது: பழுதாகாது, மின்சாரம் நிற்காது, சாமை பொய்க்காது. பொறுப்பாளர் பெயர் மட்டும் இல்லை.

பழந்தமிழர் கணக்கெல்லாம் இப்படி என்று சொல்லிவிட மாட்டோம். காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாச்சுளைக் கணக்கு ஒன்றுண்டு. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளை எண்ணிக்கையாம். பெருமையோடு இதைப் பகிர்கிறவர்கள் பழத்தை அறுத்துப் பார்ப்பதில்லை. கொல்லிமலைப் பலாவில் நாம் அறுத்தோம். கணக்கு ஒத்துவரவில்லை, சுளை இனித்தது.

விரிதாள் பிறந்த கதையும் பலகையில் தொடங்குவதுதான். 1978இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவரான டான் பிரிக்ளின், கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் அழித்தெழுத வேண்டியிருப்பதைக் கண்டு சலித்தார். பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979இல் வெளிவந்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்ஸெல். அழித்தெழுதும் வேலை ஒழிந்தது. எந்த எண்ணை எதற்காக மாற்றினோம் என்று வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த நிலையும் கூடவே ஒழிந்தது என்பது நம் எண்ணம்.

இதற்குப் பெரிய இடத்துச் சான்று உண்டு. அரசுகளின் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரியும் என்று ரெயின்ஹார்ட்டும் ரோகாஃபும் 2010இல் எழுதிய கட்டுரை, சிக்கன நடவடிக்கைகளுக்கு ஆதரவாகப் பல நாடுகளில் மேற்கோளாயிற்று. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் வகுப்புப் பயிற்சிக்காக அதை மீண்டும் போட்டுப் பார்த்தார், விடை வரவில்லை. ஆசிரியர்களிடமே தாளைக் கேட்டுப் பெற்றார். சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து நாடுகளின் வரிசையை விட்டுவிட்டிருந்தது. பிற குறைகளையும் சேர்த்து அவரும் அவருடைய ஆசிரியர்களும் 2013இல் திருத்தியபோது, −0.1 என்றிருந்த வளர்ச்சி 2.2 ஆயிற்று. கேட்டதும் தாளைக் கொடுத்தார்களே, அந்த நேர்மையையும் சொல்லத்தான் வேண்டும். உத்திரமேரூரில், பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுப்படி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவர் உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர்.

இரண்டாம் முறை அரியூர் நாட்டுக்குப் போனபோது தாளைப் புதிதாகக் கட்டியிருந்தோம். ஊகங்களுக்கென்று தனிப் பக்கம். ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு கட்டத்தில். பக்கத்தில் அலகு, யார் சொன்னது, எந்த நாளில். சூத்திரங்களுக்குள் ஓர் எண்ணும் இல்லை. உள்ளே வந்த சாமை எடையும், அரிசி, உமி, சேதாரம் மூன்றின் கூட்டும் ஒவ்வாவிட்டால் சிவக்கும் கட்டம் ஒன்று. மழை பொய்த்த ஆண்டுக்கும் ஒரு பத்தி. கடனை இவ்வாண்டு எடுப்பதில்லை, அறுவடை வரை வாடகை இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பது என்று குழு முடிவு செய்தது. அந்த அம்மையார் தம் வீட்டு வள்ளத்தை எடுத்துவரச் செய்து, உமியோடு ஒருமுறையும் அரிசியாக ஒருமுறையும் தலைதட்டி அளந்து, தராசில் வைக்கச் சொன்னார். முதற்பக்கத்தின் முதல் வரியில் அவ்விரு எடைகளும் இப்போது இருக்கின்றன; அலகு என்ற இடத்தில் 'அரியூர் நாட்டு வள்ளம்' என்று எழுதியிருக்கிறோம்.