அந்தமானில் ஒரு தமிழ் மந்திரி

போர்ட் பிளேர் நகரில், 1943-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் மூவர்ணக் கொடி ஏற்றிய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். அக்கொடிக்குப் பின் இங்கு ஆட்சி நடத்த வந்தவர் ஒரு தமிழர் என்பதையோ நம்மில் பலர் அறியோம். ஆற்காடு துரைசாமி லோகநாதன் என்பது அவர் பெயர்.

அவர் தொழிலால் மருத்துவர். பிரிட்டிஷ் இந்தியப் படையின் மருத்துவப் பணியில் லெப்டினென்ட் கர்னலாக உயர்ந்தவர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஜப்பானியர் கையில் அகப்பட்டு, பின்னர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். 1943 அக்டோபர் 21-ஆம் நாள் ஆசாத் ஹிந்த் தற்காலிக சர்க்கார் அமைந்தபோது, படையின் பிரதிநிதியாக மந்திரிசபையில் இடம் பெற்றார்.

சர்க்கார் என்றால் நிலம் வேண்டுமன்றோ? அவ்வாண்டு நவம்பரில், டோக்கியோ மாநாட்டில், 1942 மார்ச் முதல் ஜப்பானியர் வசமிருந்த இத்தீவுகளைத் தற்காலிக சர்க்காரிடம் ஒப்படைப்பதாகப் பிரதமர் டோஜோ அறிவித்தார். போஸ் அந்தமானுக்கு ஷஹீத் என்றும், நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயர் சூட்டினார். 1944-இன் தொடக்கத்தில் லோகநாதன் பிரதம கமிஷனராக வந்து சேர்ந்தார்.

அவர் வந்த வேளை கொடியது. இங்கே இந்திய சுதந்திர சங்கத்தை நடத்திய டாக்டர் திவான் சிங், செல்லுலர் சிறையில் சித்திரவதைப்பட்டு ஜனவரி 14-ஆம் நாள் உயிர் நீத்திருந்தார். அம்மாதம் 30-ஆம் நாள் ஹம்ஃப்ரிகஞ்சில் ஒற்றர் எனக் குற்றஞ் சாட்டப்பட்ட 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகவே லோகநாதன் போலீஸ் இலாகாவைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி கேட்டார். யுத்தம் முடியும்வரை அது இயலாது என்றனர் ஜப்பானியர். மக்களைக் காக்கும் அதிகாரம் இல்லையேல் மற்ற இலாகாக்களும் வேண்டாம் என மறுத்து, கல்வி இலாகாவை மட்டுமே அவர் ஏற்றார். அலங்காரப் பதவி என்று எள்ளுவாரும் உளர். ஆயின் எல்லா இலாகாக்களையும் ஏற்றிருந்தால், பிறர் செய்த கொலைகளுக்கும் அவர் பெயரே முத்திரையாகியிருக்கும் என்பது நம் கருத்து. ஆனாலும் அவரால் இம்மக்களைக் காக்க முடியவில்லை, அதனை மறைப்பதற்கில்லை. உடல் நலம் குன்றி, அவ்வாண்டிலேயே இத்தீவை விட்டுச் சென்றார். 1945 ஆகஸ்டிலும் இங்குள்ளோர் பலரைக் கடலில் தள்ளிக் கொன்றனர் ஜப்பானியர்.

தீவில் கிட்டாத அதிகாரம் ரங்கூனில் கிட்டியது. 1945 ஏப்ரல் 24-ஆம் நாள் போஸ் அந்நகரை விட்டு வெளியேறியபோது, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களை லோகநாதன் பொறுப்பில் விட்டுச் சென்றார். ஜப்பானியரும் போய்விட்டனர், பிரிட்டிஷ் படை மே மாதத் தொடக்கத்தில்தான் வந்தது. 1942-இல் ஆட்சி கலைந்தபோது கொள்ளையும் கொலையும் கண்ட அங்குள்ள இந்தியர்களுக்கு அந்த இடைநாட்கள் எத்தகையன என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இம்முறை அவ்வீரர்கள் காவல் நின்றனர்.

அவ்வாண்டின் இறுதியில், செங்கோட்டை விசாரணையில் எதிர்த்தரப்புச் சாட்சியாக அவர் நின்றார். தற்காலிக சர்க்காருக்கு நிலம் இருந்தது என நாட்ட விரும்பிய வழக்கறிஞர் புலாபாய் தேசாய்க்கு அந்தமானே சான்று. அரசாங்கத் தரப்பின் குறுக்கு விசாரணையில், தாம் ஏற்றது கல்வி இலாகா ஒன்றே என்பதை லோகநாதன் மறைக்கவில்லை.